எது இன்னும் முடிவாகவில்லை என்று முதலில் கேளுங்கள்

வாசகர் கேள்வி: நகரத் திட்டமிடலில் முதுகலை முடித்துவிட்டு ஓர் ஆலோசனை நிறுவனத்தில் வேலை பார்க்கிறேன். இப்போது வெளிநாட்டு நகரம் ஒன்றில், உலக வங்கிக் கடனில் நடக்கும் குடியிருப்பு மேம்பாட்டுத் திட்டத்துக்கு அனுப்பியிருக்கிறார்கள். ஆற்றை ஒட்டிய நெருக்கடியான பகுதி. வடிகால், உள்சாலை, குடிநீர்க் குழாய் எல்லாம் வர வேண்டும். மக்கள் பங்கேற்பு என் பொறுப்பு. ஒப்பந்தத்தில் அதற்கு நான்கு கருத்துக்கேட்புக் கூட்டங்கள், ஓர் அறிக்கை என்று எழுதியிருக்கிறது. அந்த ஊர் மொழி எனக்குத் தெரியாது. முதல் கூட்டம் முடிந்தது. நிறையப் பேர் வந்தார்கள், எல்லாவற்றுக்கும் தலையாட்டினார்கள். கடைசியில் ஒரு அம்மா எழுந்து, "சாலை எந்தப் பக்கம் போகும் என்று முடிவாகிவிட்டதா, இல்லையா?" என்றார். "உங்கள் கருத்தைக் கேட்கத்தான் வந்திருக்கிறோம்" என்று சமாளித்தேன். உண்மையில் எனக்கே தெரியாது. பங்கேற்பு என்றாலே தாமதம் என்கிறார்கள் எங்கள் பொறியாளர்கள். நான் மக்கள் பக்கம் நிற்க வேண்டும் என்கிறார்கள் உள்ளூர்த் தொண்டு நிறுவனத்தார். திட்டமிடுநராக என் வேலைதான் என்ன?

பதில்:

அந்த அம்மா கேட்டதைவிட நல்ல கேள்வி மீதி மூன்று கூட்டங்களிலும் வராது. அதற்குப் பதில் தெரியாமல் இரண்டாவது கூட்டத்துக்குப் போகாதீர்கள். அந்தப் பதில் குடியிருப்பில் இல்லை, உங்கள் அலுவலகத்தில் இருக்கிறது. வரைபடங்களை எடுத்து வைத்துக்கொண்டு பொறியாளர்களோடு ஒரு நாள் உட்காருங்கள். ஒவ்வொரு கோட்டையும் காட்டி, "இதை மாற்றினால் என்ன ஆகும்?" என்று மட்டும் கேளுங்கள். சில கோடுகளுக்கு, "மாற்ற முடியாது, தண்ணீர் மேடேறிப் போகாது" என்பார்கள். அது மண்ணின் சரிவு சொல்லும் பதில், அதோடு வாதாட முடியாது. சிலவற்றுக்கு, "கடன் ஒப்பந்தத்திலேயே இருக்கிறது" என்பார்கள். அதையும் இப்போதைக்கு ஏற்றுக்கொள்ளலாம். ஆனால் பெரும்பாலான கோடுகளுக்கு வரும் பதில், "மறுபடி வரைய வேண்டும்" என்பதுதான். அந்தக் கோடுகள் எதுவும் முடிவானவை அல்ல. யாரோ ஒருவர் செயற்கைக்கோள் படத்தைப் பார்த்துப் போட்ட முதல் வரைவு, யாரும் கேட்காததால் இறுதி மாதிரி உட்கார்ந்திருக்கிறது.

அந்த ஒரு நாளின் முடிவில் உங்கள் கையில் ஒரு பக்கத் தாள் இருக்க வேண்டும்: எது முடிந்துவிட்டது, ஏன், எது இன்னும் திறந்திருக்கிறது, எந்தத் தேதி வரை. "எந்தத் தேதி வரை" என்பதை விட்டுவிடாதீர்கள். டெண்டர் போன பிறகு சாலையின் அகலத்தை மாற்றுவது என்றால் ஒப்பந்ததாரரிடம் கூடுதல் தொகைக்கு மல்லுக்கட்ட வேண்டியிருக்கும், யாரும் அதற்குத் துணிய மாட்டார்கள். டெண்டருக்கு முன்பு அதே மாற்றம் ஒருவருடைய இரண்டு நாள் வேலை. உங்களுடைய நான்கு கூட்டங்களில் எத்தனை அந்தத் தேதிக்கு முன்னால் வருகின்றன என்று பாருங்கள். பின்னால் விழுகிற கூட்டத்தை முன்னால் இழுக்கச் சண்டை போடுங்கள். இந்தத் திட்டத்தில் நீங்கள் போட வேண்டிய முதல் சண்டை அதுதான்.

இதிலேயே உங்கள் கேள்விக்கு என் பதில் பாதி வந்துவிட்டது. பங்கேற்பில் திட்டமிடுநருக்கான வேலை பெரும்பாலும் கூட்டத்தில் நடப்பதில்லை. கூட்டத்துக்கு முன், எதை உண்மையிலேயே மாற்றலாம் என்று உள்ளே போய்க் கண்டுபிடிக்க வேண்டும். கூட்டத்துக்குப் பின், மக்கள் சொன்னது வரைபடத்திலும் மதிப்பீட்டிலும் ஏறும்வரை அதைக் கைவிடாமல் பின்தொடர வேண்டும். நடுவில் மைக்கைப் பிடித்துப் பேசுவதை யார் வேண்டுமானாலும் செய்யலாம், உள்ளூர்க்காரர் ஒருவர் உங்களைவிட நன்றாகவே செய்வார்.

படிக்கும்போது ஷெர்ரி ஆர்ன்ஸ்டீனின் பங்கேற்பு ஏணி உங்களுக்குப் பாடமாக வந்திருக்கும். 1969இல் அவர் எழுதியது. எட்டுப் படிகள், அடியில் மக்களைப் பேச்சில் மயக்குவது, உச்சியில் அதிகாரம் மக்கள் கையிலேயே இருப்பது, கலந்தாய்வு என்பது நான்காவது படி, மக்களோடு கூட்டாளியாகச் சேர்ந்து முடிவெடுப்பது ஆறாவது. அதை மதிப்பெண் அட்டையாகப் பிடித்துக்கொண்டு, நம் திட்டம் எட்டாவது படியில் இல்லையே என்று பலர் வருந்துகிறார்கள். அந்த வருத்தம் உங்களுக்கு வேண்டாம். நான்காவது படியில் நின்றுகொண்டு ஆறாவது படியில் நிற்பதாக மக்களிடம் சொல்லாமல் இருங்கள், போதும். முடிவான ஒன்றுக்குக் கருத்துக் கேட்பதைவிட, "இது முடிவாகிவிட்டது, காரணம் இது, பிடிக்காவிட்டால் இன்னாரிடம் முறையிடலாம்" என்று சொல்வது மரியாதையானது. மக்கள் கோபப்படுவார்கள். அந்தக் கோபத்துக்கு நீங்கள் பதில் சொல்ல முடியும். தலையாட்டலுக்கு என்ன பதில் சொல்வீர்கள்?

கூட்டத்தில் எல்லோரும் ஏன் தலையாட்டினார்கள் என்பதற்கு வருகிறேன். பேச்சினால் ஏதாவது மாறும் என்று அவர்களுக்கு நம்பிக்கை இல்லை, அவ்வளவுதான். பிரேசிலின் போர்ட்டோ அலெக்ரே நகரத்தை எல்லோரும் உதாரணம் காட்டுவார்கள்: 1989இல் தொழிலாளர் கட்சி நகராட்சிப் பொறுப்புக்கு வந்ததும், முதலீட்டுப் பணத்தை எங்கே செலவிடுவது என்று பகுதிவாரியாக மக்களையே தீர்மானிக்க விட்டது. அதில் அதிகம் பேசப்படாத ஒரு விஷயம் உண்டு. முதல் ஓரிரு ஆண்டுகளில் மக்கள் பட்டியல் போட்டுக் கொடுத்தார்கள், நகராட்சியிடம் பணம் இல்லை, சம்பளத்துக்கே வருவாயில் பெரும்பகுதி போய்க்கொண்டிருந்தது. கேட்ட வேலைகள் நடக்கவில்லை. கூட்டத்துக்கு வருபவர்கள் குறைந்துபோனார்கள். சொத்து வரியைச் சீர்செய்து, வருவாய் ஏறி, கேட்ட தெருவில் தார் விழ ஆரம்பித்த பிறகுதான் கூட்டம் நிரம்பியது. எந்தப் பகுதிக்கு முதலில் என்பதற்கு மக்கள்தொகை, வசதிக் குறைவு, பகுதியின் சொந்த முன்னுரிமை என்று புள்ளி போடும் விதிகளும் எல்லோருக்கும் தெரிந்திருந்தன. பின்னாளில் முதலீட்டுப் பணம் சுருங்கியபோது ஆர்வமும் சுருங்கியது, 2017இல் அந்த நடைமுறையே நிறுத்திவைக்கப்பட்டது. ஆக, உங்கள் திட்டத்தில் சிறிய தொகை ஒன்றை, தெருவிளக்கோ படிக்கட்டோ எதுவாக இருந்தாலும் சரி, மக்கள் முடிவுப்படியே செலவிட ஒதுக்க முடியுமா என்று டீம் லீடரிடம் கேளுங்கள். இரண்டாவது கூட்டத்துக்கும் மூன்றாவது கூட்டத்துக்கும் இடையில் ஒரே ஒரு படிக்கட்டு கட்டி முடிந்தாலும் மூன்றாவது கூட்டத்தின் பேச்சே வேறாக இருக்கும்.

அடுத்து, கூட்டத்தின் அளவு. முந்நூறு பேர் உட்கார்ந்த மண்டபத்தில் யாரும் தன் வீட்டுச் சுவரைப் பற்றிப் பேச மாட்டார்கள். சந்து சந்தாகப் போங்கள். இதைச் சொல்லும்போது கராச்சியின் ஒராங்கி குடியிருப்பைச் சொல்லாமல் இருக்க முடியாது. 1980இல் அக்தர் ஹமீத் கான் அங்கே ஒராங்கி பைலட் திட்டத்தைத் தொடங்கியபோது, சாக்கடை அரசு போட்டுத் தர வேண்டியது என்று மக்கள் காத்திருந்தார்கள். அவர் எடுத்துக்கொண்ட அலகு இருபது முப்பது வீடுகள் உள்ள ஒரு சந்து. சந்துக்காரர்களே தங்களுக்குள் ஒரு பொறுப்பாளரைத் தேர்ந்தெடுத்து, பணம் வசூலித்து, குழாய் பதித்தார்கள். திட்டத்தின் பணம் ஒரு பைசா கட்டுமானத்துக்குப் போகவில்லை. அப்படியானால் அங்கே இருந்த பொறியாளர்களும் கட்டடக் கலைஞர்களும் என்ன செய்தார்கள்? தரையின் ஏற்ற இறக்கத்தை அளந்தார்கள். வரைபடம் போட்டார்கள். செலவை மதிப்பிட்டுச் சொன்னார்கள். ஒப்பந்ததாரர் இல்லாமல் மக்களே வார்க்கும்படி மேன்ஹோலின் வடிவத்தை எளிமையாக்கி, அதற்கு இரும்பு அச்சுகளைக் கொடுத்தார்கள். குழாய் சரிவு தப்பினால் காட்டிக்கொடுத்தார்கள். வீட்டுக் கழிப்பறையும் சந்துக் குழாயும் மக்கள் பொறுப்பு. பெருங்குழாயும் சுத்திகரிப்பும் அரசின் பொறுப்பு என்று கோடு கிழித்தார்கள். பிறகு பர்வீன் ரஹ்மான் என்ற கட்டடக் கலைஞர் தலைமையில் சந்துகளையும் ஓடைகளையும் வரைந்து வரைந்து, இதோ எங்கள் பங்கு முடிந்தது, உங்கள் பங்கு எங்கே என்று அரசிடம் கேட்கும் அளவுக்கு அந்த வரைபடங்கள் வளர்ந்தன. நகரத்தின் நிலமும் தண்ணீரும் யார் கைக்குப் போகின்றன என்பதையும் அவர் ஆவணப்படுத்தினார். 2013 மார்ச்சில் அவரைச் சுட்டுக் கொன்றார்கள். வரைபடம் என்பது அப்பாவியான தாள் இல்லை என்பதற்காக இதைச் சொல்கிறேன். உங்களைப் பயமுறுத்த அல்ல.

வரைபடத்தைப் பற்றி இன்னொன்று. ஆயிரத்துக்கு ஒன்று அளவில் அச்சிட்ட தாளைச் சுவரில் ஒட்டி, சாலை இங்கே வரும் என்று குச்சியால் காட்டினீர்கள் என்றால் மக்கள் தலையாட்டத்தான் செய்வார்கள். அதே சாலையை இடத்தில் போட்டுக் காட்டுங்கள். ஒரு பை சுண்ணாம்புத் தூள், ஒரு அளவு நாடா, இரண்டு கயிறு. காலையில் சந்துக்குள் போய் சாலையின் இரு விளிம்பையும் தரையில் வெள்ளையாக இழுத்துக்கொண்டே போங்கள். கோடு ஒரு வீட்டின் வாசற்படியில் ஏறும், அடுத்த வீட்டின் தண்ணீர்த் தொட்டியைப் பாதியாக வெட்டும், ஒரு கடையின் முன்பக்கத்தை முழுங்கும். அப்போதுதான் பேச்சு ஆரம்பிக்கும். "அந்தப் பக்கம் ரெண்டடி தள்ளினால் என்ன?" என்று ஒருவர் கேட்பார். அந்தப் பக்கத்து வீட்டுக்காரர் வெளியே வந்து ஏன் தள்ளக் கூடாது என்பார். இவ்வளவு அகலம் எதற்கு, தீயணைப்பு வண்டியா, குப்பை வண்டியா என்று மூன்றாமவர் கேட்பார். இது எல்லாமே திட்டமிடல்தான். ஒரு பெட்டி நிறையக் கருத்துப்படிவம் தராத தகவல் அந்த ஒரு காலையில் கிடைக்கும். பொறியாளர் ஒருவரையும் கையோடு கூட்டிப் போங்கள். தான் போட்ட கோடு ஒருவர் அடுப்படிக்குள் போவதைக் கண்ணால் பார்த்த பொறியாளர் அலுவலகத்துக்குத் திரும்பி வேறு மாதிரி பேசுவார்.

மும்பையில் நடைபாதையில் குடியிருந்த பெண்கள் 1980களில் மகிளா மிலன் என்ற அமைப்பாகத் திரண்டபோது, தாங்கள் எதிர்பார்க்கும் வீட்டைத் துணியும் மரச் சட்டமும் கொண்டு முழு அளவில் நிறுத்திப் பார்த்தார்கள். உள்ளே நடந்து பார்த்தார்கள். கூரை உயரமாக இருந்து உள்ளே ஒரு பரண் போட்டால் சின்ன இடமே போதும் என்று அவர்களே முடிவுக்கு வந்தார்கள். தாளில் சதுர அடியாகப் பேசியிருந்தால் அந்த முடிவு வந்திருக்காது. அதற்கு முன்பே, 1985இல், ஸ்பார்க் என்ற தொண்டு நிறுவனத்தோடு சேர்ந்து தங்களைத் தாங்களே கணக்கெடுத்து வெளியிட்டிருந்தார்கள். நகரத்தின் கணக்கில் இல்லாதவர்கள் கையில் ஓர் எண்ணிக்கை வந்தது. உங்கள் பகுதியிலும் வீடுகளை எண்ணும் வேலையை மக்களிடமே கொடுக்க முடிந்தால் கொடுங்கள். நீங்கள் எண்ணினால் அது சர்வே. அவர்கள் எண்ணினால் எந்த வீடு விட்டுப்போனது என்று மாலைக்குள் யாராவது வந்து சொல்லிவிடுவார்கள்.

இப்போது, வராதவர்கள். கூட்டத்துக்கு வந்தவர்களில் வாடகைக்கு இருப்பவர்கள் எத்தனை பேர்? தெரியாது என்பீர்கள் என்று நினைக்கிறேன். இது போன்ற பகுதிகளில் பெரிய ஓட்டை இங்கேதான் விழுகிறது. "சமூகம்" என்று நாம் ஒரே மூச்சில் சொல்லிவிடுகிறோம். வீட்டுக்காரர் சாலை அகலமாக வேண்டும் என்பார், ஏனென்றால் வாடகை ஏறும். குடியிருப்பவர் சாலையே வேண்டாம் என்று மனதுக்குள் நினைப்பார், காரணமும் அதேதான். ஆனால் வீட்டுக்காரர் பக்கத்தில் உட்கார்ந்திருக்கும்போது வாய் திறக்க மாட்டார். நைரோபியின் முக்குரு பகுதியில் பெரும்பாலோர் வாடகைக்காரர்கள். வீடுகளின் சொந்தக்காரர்கள் பலர் அங்கே வசிப்பதே இல்லை. 2017இல் மாவட்ட அரசு அதைச் சிறப்புத் திட்டமிடல் பகுதியாக அறிவித்தபோது, குடியிருப்போர் அமைப்பான முவுங்கானோ பத்துப் பத்து வீடுகளாகச் சேர்த்து, அங்கிருந்து பெரிய தொகுதிகளாக மேலே கட்டிக்கொண்டு போனது. ஏறக்குறைய ஒரு லட்சம் குடும்பங்கள் உள்ள இடத்தில் இப்படிக் கீழிருந்து போனதால்தான் வாடகைக்காரர் குரலுக்கும் இடம் கிடைத்தது. வழக்கமான சாலை அளவுகளை அப்படியே போட்டால் எத்தனை வீடு போகும் என்ற கேள்வியும் அங்கே எழுந்தது. ஆட்களை வெளியேற்றுவது குறையும்படி அளவுகளையே மாற்ற வேண்டியிருந்தது.

உங்கள் பகுதியில் வாடகைக்காரர்களைத் தனியாகப் பாருங்கள். வேலை முடிந்து வரும் நேரத்தில், வீட்டுக்காரர்களுக்கு அழைப்பில்லாமல். பெண்களை எப்போது, எங்கே பார்ப்பது என்று அந்த ஊர்ப் பெண்களிடமே கேட்டுவிடுங்கள். உலக வங்கியின் மறுகுடியமர்வு விதிகளில் நிலத்துக்குச் சட்டப்படி உரிமை இல்லாதவர்களும் கணக்கில் வருகிறார்கள்: நிலத்துக்கு இழப்பீடு கிடைக்காவிட்டாலும் அவர்கள் கட்டிய கட்டடத்துக்கும் இடம் மாறுவதற்கான உதவிக்கும் வழி உண்டு. கணக்கெடுப்புக்கு ஒரு வெட்டுத் தேதி இருக்கும், அதற்குப் பிறகு வந்தவர்கள் கணக்கில் சேர மாட்டார்கள். அந்தத் தேதி அறிவிக்கப்பட்டதா, வாடகைக்காரர் காதுக்குப் போனதா என்று இந்த வாரமே விசாரியுங்கள். தேதி முடிந்த பிறகு எவ்வளவு நன்றாகக் கூட்டம் நடத்தினாலும் விட்டுப்போனவரை உள்ளே கொண்டுவருவது கடினம்.

மொழி தெரியாததைப் பற்றி அதிகம் கவலைப்படாதீர்கள், ஆனால் மொழிபெயர்ப்பாளர் யார் என்பதில் கவனமாக இருங்கள். அரசு அலுவலகம் கொடுத்த ஆள் என்றால் மக்கள் அவரைப் பார்த்துத்தான் பேசுவார்கள், உங்களைப் பார்த்து அல்ல. இரண்டு பேர் இருந்தால் நல்லது, ஒருவராவது பெண்ணாக. சுருக்கிச் சொல்ல வேண்டாம், திட்டினால் திட்டையும் சொல்லுங்கள் என்று முன்பே பேசிவைத்துக்கொள்ளுங்கள். ஐந்து நிமிடம் ஒருவர் கொதித்துப் பேசி, உங்களுக்கு "சாலை வேண்டும் என்கிறார்" என்று வந்தால் அங்கேயே நிறுத்திக் கேளுங்கள்.

சரி, யார் பக்கம் நிற்பது? 1965இல் பால் டேவிடாஃப் என்ற அமெரிக்கத் திட்டமிடுநர், நடுநிலையான திட்டம் என்று ஒன்று கிடையாது, வழக்கறிஞரைப் போல ஒரு தரப்புக்காக வாதாடும் திட்டமிடுநர்கள் வேண்டும் என்று எழுதினார். அதை நான் ஒப்புக்கொள்கிறேன். ஆனால் உங்கள் நிலைமை அது அல்ல. உங்களுக்குச் சம்பளம் கொடுப்பது திட்டம். மக்களின் வழக்கறிஞர் என்று அவர்களிடம் சொல்லிக்கொண்டால் ஒரு நாள் அந்த வாக்கைக் காப்பாற்ற முடியாமல் போகும். அப்போது அவர்கள் இழப்பது உங்களைவிட அதிகம். அவர்களுக்கென்று ஒரு தொழில்நுட்ப ஆள் வேண்டும் என்றால், அந்தத் தொண்டு நிறுவனம் மூலமாகவோ உள்ளூர்ப் பல்கலைக்கழகம் மூலமாகவோ தனியாக ஏற்பாடு செய்ய உதவுங்கள். உங்கள் வரைபடங்களை அவருக்குக் கொடுங்கள். வெளியிடத் தடையுள்ள தாளைத் திருட்டுத்தனமாகக் கொடுக்கச் சொல்லவில்லை. வெளியிட வேண்டியதையே பல திட்டங்கள் பூட்டி வைத்திருக்கின்றன, அதைத் திறக்க வையுங்கள்.

மக்களின் வழக்கறிஞராக நீங்கள் நிற்கக் கூடாது என்பதற்கு இன்னொரு காரணமும் உண்டு. மக்கள் கேட்பது எல்லாம் சரியாக இருக்கும் என்பதில்லை. மேல் சந்து வடிகாலைக் கீழ்ச் சந்துக்குள் திறந்துவிடச் சொல்லி மேல் சந்தே கைதூக்கி வாக்களிக்கும். அப்போது "முடியாது, கீழே வெள்ளம் வரும்" என்று முகத்துக்கு நேரே சொல்ல வேண்டியவர் நீங்கள். கீழ்ச் சந்துக்காரர் இரண்டு பேரைக் கூட்டிவந்து எதிரில் உட்காரவைத்துவிட்டால் பாதி வேலை முடிந்தது.

பொறியாளர்கள் தாமதம் என்பதற்கு நான் தத்துவம் பேச மாட்டேன். கம்போடியாவின் ப்னாம் பென் நகரில் போயங் கக் ஏரிக்கரையில் நடந்ததைச் சொல்வேன். உலக வங்கி ஆதரவில் நிலப் பட்டா வழங்கும் திட்டம் அங்கே ஓடிக்கொண்டிருந்தது. ஏரிக்கரைக் குடும்பங்கள் அதற்கு வெளியே விடப்பட்டார்கள், இடம் 2007இல் ஒரு தனியார் நிறுவனத்துக்கு 99 ஆண்டு குத்தகைக்குப் போனது, ஏரியை மண் கொட்டித் தூர்த்தார்கள். ஆயிரக்கணக்கான குடும்பங்கள் வெளியேறின. மிஞ்சியவர்கள் 2009இல், வங்கித் திட்டங்களால் பாதிக்கப்பட்டவர்களின் புகாரை விசாரிக்கும் வங்கியின் ஆய்வுக் குழுவிடம் முறையிட்டார்கள். குழு விசாரித்தது. 2011 ஆகஸ்டில், இது தீரும்வரை கம்போடியாவுக்குப் புதிய கடன் இல்லை என்று வங்கி அறிவித்தது. அதே மாதத்தில் எஞ்சிய குடும்பங்களுக்காக 12.44 ஹெக்டேர் ஒதுக்கி அரசு உத்தரவு போட்டது. நான்கு கூட்டத்தை ஆறாக்கினால் எத்தனை வாரம் போகும் என்று கணக்குப் போடுபவரிடம், ஒரு நாட்டுக்கே புதுக்கடன் நின்றுபோன இந்தக் கதையைச் சொல்லிப் பாருங்கள்.

கடைசியாக, அறிக்கை. "மக்கள் திட்டத்தை வரவேற்றனர்" என்ற வரியை எழுதாதீர்கள், யாராவது சேர்த்தால் அடியுங்கள். 2018இலிருந்து நடைமுறைக்கு வந்த உலக வங்கியின் சுற்றுச்சூழல், சமூக விதிமுறைகளில் பத்தாவது தரம் பங்கேற்பைப் பற்றியது. யாரிடம் பேசினோம், என்ன சொன்னார்கள், அதை எப்படிக் கணக்கில் எடுத்துக்கொண்டோம், எடுக்கவில்லை என்றால் ஏன் என்று பதிவுசெய்து வெளியிட வேண்டும் என்கிறது. உங்களுக்கு இதைவிட நல்ல ஆயுதம் கிடையாது. அறிக்கையையே ஓர் அட்டவணையாக்குங்கள்: சொன்னது, சந்து, மாறிய வரைபடத்தின் எண், மாறாததற்குக் காரணம், காரணம் சொன்னவர் யார். "காரணம் சொன்னவர்" என்ற கட்டம் வந்ததும் பல "முடியாது"கள் "பார்க்கலாம்" ஆகிவிடும். மூன்றாவது கூட்டத்தில் இந்த அட்டவணையை மக்கள் மொழியில் வாசியுங்கள். ஒப்புக்கொண்ட மாற்றங்களில் பெரியவற்றை, கடன் ஒப்பந்தத்தோடு சேர்ந்த சுற்றுச்சூழல், சமூகக் கடப்பாட்டுத் திட்டத்தில் ஏற்ற முடியுமா என்று வங்கியின் சமூகப் பிரிவு நிபுணரிடம் கேளுங்கள். அதில் ஏறிவிட்டால் நீங்கள் ஊர் திரும்பிய பிறகும் கடன் வாங்கிய அரசு அதற்குக் கட்டுப்பட்டிருக்கும்.

உங்கள் டீம் லீடர் கசப்பான வரிகளை எடுக்கச் சொன்னால், சுருக்க உரையில் சொற்களை மென்மையாக்கச் சம்மதியுங்கள். அட்டவணையைத் தொடச் சம்மதிக்காதீர்கள், பின்னிணைப்பாகவாவது முழுசாகப் போகட்டும். அப்புறம், திட்டத்துக்குள்ளேயே ஒரு குறைதீர்ப்பு வழி இருந்தாக வேண்டும். யாரிடம் எழுதிக் கொடுப்பது, எத்தனை நாளில் பதில், பதில் வராவிட்டால் மேலே எங்கே போவது, வங்கியின் ஆய்வுக் குழு என்று ஒன்று இருப்பது உட்பட, எல்லாவற்றையும் ஒரு தாளில் அச்சிட்டு ஒவ்வொரு சந்திலும் கொடுங்கள். இதை டீம் லீடரிடம் அனுமதி கேட்டுக்கொண்டிருக்கத் தேவையில்லை. மக்களுக்கு இதைத் தெரிவிப்பது திட்டத்தின் கடமை, அதைச் செய்யத்தான் உங்களை அனுப்பியிருக்கிறார்கள்.